சீனிக்குள் ஊறிய ஓப்பல்

அம்மா குசினிக்குள் வந்தபோது நான் கல்லை நக்கிக்கொண்டிருந்தேன்.

ஒளித்து மறைத்து நக்கவில்லை. ஜன்னல் வெளிச்சத்தில் நின்று, நாக்கை நன்றாக நீட்டி, கல்லை அதன்மேல் வைத்து, பிறகு மெல்ல இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மாவின் கையில் அரிசி களைந்த சட்டி.

“என்னடி செய்யிறாய்?”

“கல்லு நாக்கிலை ஒட்டுதோ எண்டு பாக்கிறன் அம்மா.”

“ஒட்டுதோ?”

“ஓம், ஒட்டுது.”

அம்மா சட்டியை அடுப்படியில் வைத்துவிட்டு முற்றத்துக்குப் போனார். “முருகா, கலியாணம் சரிவாற நேரத்திலையோ இவளுக்கு விசர் பிடிக்கவேணும்?” என்று அவர் கேட்டது பக்கத்து வளவுக்கும் கேட்டிருக்கும்.

சென்ற வாரம் நான் எழுதிய ஆட்டுக்கடாய் விவகாரத்தைப் படித்த ஒரு வாசகி, “உங்கள் அம்மா உண்மையிலேயே இவ்வளவு சத்தம் போடுவாரா?” என்று கேட்டிருக்கிறார். அம்மா இந்த வாரமும் வருகிறார். நீங்களே முடிவு செய்யுங்கள்.

பித்தப்பையிலிருந்து வந்த கல்

எனக்கு அப்போது முப்பத்தொரு வயது. வட்டுக்கோட்டைப் பக்கம் ஒரு பெண்கள் பாடசாலையில் இரசாயனம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். மின்சாரம் போய் இரண்டு மூன்று வருடம் ஆகியிருந்தது. பொருளாதாரத் தடை. பற்றரி, சவர்க்காரம், சீனி எல்லாம் பெயரளவில் இருந்த காலம்.

இரண்டு ஒழுங்கை தள்ளிப் பூமணி மாமி இருந்தார். சொந்த மாமி இல்லை, அயலுக்கு மாமி. அவருடைய ஒரே மகன் குலேந்திரன், எண்பத்து மூன்று கலவரத்துக்குப் பிறகு கொழும்பிலிருந்து அப்படியே அவுஸ்திரேலியாவுக்குப் போய்விட்டார். அங்கே எஞ்சினியர். அதாவது, மாமி சொல்லி ஊருக்கே தெரியும். கிணற்றடியில் சொன்னார், கோயில் வீதியில் சொன்னார், பொம்மர் குண்டுபோட வந்தபோது பதுங்குகுழிக்குள் குந்தியிருந்துகூட ஒருமுறை சொன்னார்.

அந்த எஞ்சினியருக்கு என்னைக் கேட்டு வந்தார்கள். சாதகம் பொருந்தியது. அம்மாவுக்கு நிலத்தில் கால் பாவவில்லை. நான் மட்டும், “அவர் எனக்கு ஒரு கடிதம் எழுதட்டும், பிறகு பாப்பம்” என்றேன். அவரை நான் கண்டதே இரண்டு தடவை. இரண்டு தடவையும் அவர் என்னைக் காணவில்லை.

கடிதம் வந்தது, கூடவே மூன்று கற்களும். கொண்டுவந்தவர் தங்கராசா அண்ணை. கொழும்புக்கும் ஊருக்குமாகக் கடலில் வள்ளமேறிப் போய்வருகிறவர். ஊரின் பாதிக் கடிதங்கள் அவருடைய பையில்தான் பயணம் செய்தன.

இராணுவத் தடைமுகாமில் கற்களைக் கண்டு, இது என்ன என்று மறித்திருக்கிறார்கள். அண்ணை சேட்டைத் தூக்கி, எப்போதோ செய்த குடல்வால் ஒப்பறேசன் தழும்பைக் காட்டி, “பித்தப்பையிலை இருந்து எடுத்த கல்லு. டொக்டர் வீட்டை கொண்டுபோகச் சொன்னவர்” என்றாராம். இவ்வளவு பெரிய கல்லா என்று ஆமிக்காரன் வாயைப் பிளந்து, பாவப்பட்டு, குடிக்கத் தண்ணீரும் கொடுத்து அனுப்பினானாம்.

கடிதத்தில் இருந்தது

கடிதத்தை நான் மாட்டுக்கொட்டிலுக்குப் பின்னால் போய் நின்று படித்தேன். முதல் வரியே இதுதான்:

“நான் எஞ்சினியர் எண்டு உங்களுக்குச் சொல்லியிருப்பினம். நான் எஞ்சினியர் இல்லை.”

பிறகு எழுதியிருந்தார். மரம் மட்டை இல்லாத ஒரு பாலைவெளியில் இருக்கிறாராம். மனிதர்கள் யந்திரம் வைத்து ஓப்பல் கல் தோண்டுகிற இடம். தோண்டியவர்கள் தேவையில்லை என்று கொட்டிவிட்டுப் போன மண் மலைமலையாகக் குவிந்திருக்கும். அதற்குள் தப்பிக் கிடக்கிற கற்களைப் பொறுக்குவதுதான் அவருடைய தொழில். மழை பெய்த மறுநாள் போனால் புழுதி கழுவுப்பட்டுக் கல் தெரியும். மழை வருடத்தில் நாலைந்து நாள்தான். மற்ற நாளெல்லாம் அரிதட்டில் மண்ணைச் சலிக்கவேண்டும்.

அனுப்பிய கற்கள் அங்கே மலிவாகக் கிடைக்கிற ஒரு வகை. பார்த்தால் மங்கிப்போன வெள்ளைக் கல். வீதிக்குப் போடுகிற சல்லியென்று நினைப்பீர்கள். ஆனால் கல் முழுக்க நுண்துளை. நாக்கில் வைத்தால் ஈரத்தை உறிஞ்சி ஒட்டிக்கொள்ளும். ஒட்டினால் அது அந்த வகை. அதைத் தேய்த்து உருவம் கொடுத்து, சீனிப்பாகில் ஊறவைத்து, பிறகு செறிந்த சல்பூரிக் அமிலத்தில் போடவேண்டும். துளைகளுக்குள் போன சீனியை அமிலம் கரியாக்கிவிடும். கல் கறுக்கும். அந்தக் கறுப்புக்குப் பிறகுதான் உள்ளே கிடக்கிற நிறமெல்லாம் கண்ணுக்குத் தெரியும்.

“நீங்கள் இரசாயன ரீச்சர் எண்டு அம்மா எழுதினவ. செய்துபாருங்கோ. நான் செய்யிற வேலை இதுதான். அறிஞ்சுகொண்டு முடிவு சொல்லுங்கோ. சாதகம் உண்மை, தொழில்தான் பொய்.”

எனக்கு முதலில் வந்தது கோபம். ஊரெல்லாம் என்னை எஞ்சினியர் பெண்சாதி என்று கேலி செய்யத் தொடங்கியிருந்தார்கள். கோபம் ஆறினதும் பயம் வந்தது. இதற்குப் பிறகு வேறொரு சம்பந்தம் வருமா என்று. அதையும் தாண்டி ஒன்று இருந்தது. அந்தக் கடிதம் எனக்குப் பிடித்துவிட்டது. அதுதான் பெரிய கரைச்சல்.

தங்கராசா அண்ணை இரண்டு வாரத்தில், வெள்ளிக்கிழமை, திரும்பவும் புறப்படுவார். அதற்குள் ஓம் என்றோ இல்லை என்றோ எழுதவேண்டும். பூமணி மாமிக்கு உண்மை தெரியுமா என்று கடிதத்தில் ஒரு சொல்லும் இல்லை.

ஆகவேதான் குசினிக்குள் போய் நக்கினேன். மூன்றும் ஒட்டின.

தையல் மெசின் பட்ட பாடு

அம்மாவுக்கு, மாப்பிள்ளை கல் அனுப்பியிருக்கிறார், மினுக்கிப் பார்க்கட்டாம் என்று மட்டும் சொன்னேன். “எஞ்சினியர்மாருக்கு உப்பிடி ஏதாவது பொழுதுபோக்கு இருக்கும்” என்று அம்மா ஏற்றுக்கொண்டார்.

முதலில் சாணைக்கல்லில் தண்ணீர் விட்டுத் தேய்த்தேன். முட்டை வடிவத்தில், மேல்பக்கம் குவிந்து வரவேண்டும். இரண்டு நாளில் விரல் நகம்தான் குவிந்து வந்தது.

சுற்றுகிற சில்லு ஒன்று இல்லாமல் சரிவராது என்று தெரிந்தது. கரண்ட் இல்லை. அப்போதுதான் என் கண் அம்மாவின் கால் மெசினில் விழுந்தது. பக்கத்துச் சில்லின் நடுத் திருகைக் கழற்றி, அதில் ஒரு வட்டப் பலகையைப் பொருத்தி, பலகையில் வோட்டர் பேப்பர் என்கிற உரைதாளை ஒட்டினேன். கல்லை ஆறங்குல ஆணியின் தலையில் அரக்கால் ஒட்டினேன். ஓப்பலுக்குச் சூடு ஆகாது, சட்டென்று சுட்டால் வெடித்துவிடும் என்று எழுதியிருந்தார். அதனால் கல்லை விளக்குச் சூட்டுக்கு மெல்ல மெல்லக் கிட்டக் கொண்டுபோய், அரக்கு இளகினதும் ஒட்டவேண்டியிருந்தது.

அந்த மெசினைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். அம்மாவின் சீதனத்தில் மிஞ்சியிருந்தது அது ஒன்றுதான். எங்களை அதைத் தொடவிடமாட்டார். நான் சின்னப்பிள்ளையாக இருந்தபோது அதன் மிதியில் ஏறி நின்று ஊஞ்சலாடி, வாங்கிய அடியின் தழும்பு இப்போதும் முழங்காலுக்குக் கீழே இருக்கிறது. ஆமிக்காரனுக்குக் காட்டினால் அவனும் நம்புவான், நல்ல தழும்பு.

அப்படிப்பட்ட அம்மா, பலகை பூட்டிய மெசினை ஒருமுறை சுற்றிவந்து பார்த்தார். பிறகு கதிரையை இழுத்துப் போட்டு அமர்ந்தார்.

“விலத்து. உனக்கு உழக்கத் தெரியாது. பெல்ட்டை அறுத்துப்போடுவாய்.”

அம்மா மிதியை உழக்கினார், நான் கல்லைப் பிடித்தேன். பாடசாலை விட்டு வந்ததும் ஒவ்வொரு நாளும் பின்னேரம் இதுதான் வேலை. வெள்ளைச் சேறு தெறித்து இருவர் முகத்திலும் திருநீறு பூசினமாதிரி இருக்கும். “இன்னும் எவ்வளவடி?” “கொஞ்சம் அம்மா.” “உந்தக் கொஞ்சத்தை நேற்றும் சொன்னனீ.” மூன்று கற்களும் உருவத்துக்கு வந்துவிட்டன.

கடைசி மினுக்கலுக்கு ஒரு பொடி வேண்டும். அது யாழ்ப்பாணத்தில் இருந்தது! பட்டணத்தில் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் வில்லை மினுக்கப் பாவிக்கிற இளஞ்சிவப்புப் பொடிதான் அதுவும். கரண்ட் போனபிறகு அவருக்கு வேலையில்லை. கேட்டதும் ஒரு சின்னப் போத்தல் தந்துவிட்டார்.

அதிபரும் அமிலமும்

அமிலம் எங்கள் பாடசாலை ஆய்வுகூடத்தில், கண்ணாடி மூடி போட்ட கொழுத்த போத்தலின் அடியில் மூன்று விரற்கடை கிடந்தது. பூட்டிய அலுமாரியின் திறப்புக் கொத்து பாடசாலை அதிபரிடம். ஐம்பது வயது தாண்டிய, கலியாணம் கட்டாத, சிரிக்காத மனுசி.

“எதுக்கு?”

பொய் சொல்ல நினைத்துப் போனேன். அவருடைய மூக்குக்கண்ணாடியைக் கண்டதும் பொய் மறந்துபோய்விட்டது. “ஒரு கலியாண விசயம் மிஸ்.”

“கலியாண விசயத்துக்கு அசிட்டோ? மாப்பிள்ளை பிடிக்கேல்லையெண்டால் வாயாலை சொல்லலாமே.”

விளக்கிச் சொன்னேன். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. எழுந்துபோய், தானே பாதியை ஊற்றித் தந்தார். “கண்ணுக்குக் கண்ணாடி போடும். வெளியிலை வைச்சுச் செய்யும்” என்றார்.

படிப்பிச்ச ரீச்சரே விட்ட பிழை

இனிச் சீனி. கூட்டுறவுச் சங்கக்கடையில் சீனி கண்டு மாதங்கள் ஆகியிருந்தன. ஊரே உள்ளங்கையில் பனங்கட்டித் துண்டு வைத்துக் கடித்துக்கொண்டு பிளேன்ரீ குடித்த காலம். அந்தப் பழக்கத்தில் எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் சிலர் வெறுங்கையைக்கூட நக்கிக்கொண்டு தேத்தண்ணீர் குடித்தார்கள்.

எனக்கு ஒரு யோசனையும் தேவைப்படவில்லை. சீனி இல்லாவிட்டால் பனங்கட்டி. பாயாசத்துக்குப் பனங்கட்டி, மோதகத்துக்குப் பனங்கட்டி, கல்லுக்கும் பனங்கட்டி. இரண்டு ஓலைக் குட்டான் பனங்கட்டியை உடைத்துப் பாகு காய்ச்சி வடித்து, பெரிய கற்கள் இரண்டையும் போட்டு, அடுப்புச் சாம்பல் சூட்டில் நாலு நாள் வைத்தேன். மூன்றாவது மிகச் சின்னன். சுண்டுவிரல் நகத்தளவு. அது பிறகு பார்க்கலாம் என்று ஒதுக்கிவிட்டேன்.

நாலாம் நாள் எடுத்துத் துடைத்துக் காயவைத்து, மாமரத்தடியில் கண்ணாடிச் சாடிக்குள் அமிலத்தில் இறக்கினேன்.

பொங்கியது.

கஞ்சி பொங்குவதுபோலக் கல்லைச் சுற்றி நுரை. நல்ல சகுனம் என்று அம்மா சொன்னார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இரண்டு நாள் கழித்து எடுத்து, அப்பச்சோடா கரைத்த தண்ணீரில் கழுவிப் பார்த்தேன். கறுப்பும் இல்லை, நிறமும் இல்லை. சாம்பல் பூசினமாதிரி ஒரு வெளிறல். துளையெல்லாம் வெள்ளைப் பொடி அடைத்துக் கிடந்தது. சுரண்டினேன், போகவில்லை.

அப்போதுதான் உறைத்தது. பனையில் இறக்குகிற கருப்பநீர் கள்ளாகிப் போகாமலிருக்க முட்டிக்குள் என்ன பூசுவார்கள்? சுண்ணாம்பு. அந்தக் கருப்பநீரைக் காய்ச்சித்தான் பனங்கட்டி. சுண்ணாம்புக்குச் சல்பூரிக் அமிலம் விட்டால் என்ன வரும்? வெள்ளைக் கல்சியம் சல்பேற்று. அது துளையை அடைத்துக்கொண்டால் அமிலம் உள்ளே சீனியிடம் போகாது. ஒன்பதாம் வகுப்புக் கேள்வி! எட்டு வருடமாக நானே கேட்டு, பிழையாகச் சொன்ன பிள்ளைகளை வாங்குப் பலகையில் ஏற்றி நிற்கவைத்த கேள்வி.

நான் கிணற்றுக்கட்டில் குந்தியிருந்து அழுதேன். வெட்கப்படாமல் சொல்கிறேன், நன்றாகவே அழுதேன். ஒரு மனிசன் கடல் கடந்து தன் உண்மையை என்னை நம்பி அனுப்புகிறான், நான் அதற்கு வெள்ளை அடித்து வைத்திருக்கிறேன்.

அம்மா பக்கத்தில் வந்து இருந்தார். நான் அழுத அழுகையிலேயே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். எஞ்சினியர் இல்லை என்பதையும்.

அம்மா கேட்டது ஒன்றுதான்.

“குடிக்கிறவனோ?”

“எழுதேல்லை.”

“குடிச்சால் அதையும் எழுதியிருப்பான். உப்பிடி எழுதிறவன் எல்லாத்தையும் எழுதுவான்.” எழும்பிச் சேலையை உதறினார். “மற்றக் கல்லு இருக்குதெல்லே? போய்ச் சீனி தேடு.”

மாமியின் போத்தல்

சீனி எங்கே இருக்கிறது என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். பூமணி மாமியின் சாமியறை அலுமாரியில் ஒரு பெரிய போத்தல் நிறைய. தடை வருவதற்கு முந்தி வாங்கியது. மகன் வந்து இறங்குகிற அன்றைக்குத் தேத்தண்ணீர் போடவென்று வைத்திருந்தார். காய்ச்சலில் கிடந்தபோதுகூட அதில் ஒரு கரண்டி எடுக்காத மனுசி.

புதன்கிழமை காலையில் போனேன். அண்ணை புறப்பட இன்னும் இரண்டு நாள். வழி நெடுக ஒத்திகை பார்த்துக்கொண்டு போனேன். மகன் சொன்ன உண்மையைத் தாயிடம் நான் போட்டுடைக்கலாமா? சொல்லாமல் கேட்டால் தருவாரா?

“ஒரு தேத்தண்ணிக் கோப்பை சீனி வேணும் மாமி.”

“என்னத்துக்குப் பிள்ளை?”

“உங்கடை மகன் அனுப்பின கல்லுக்கு.”

மாமியின் முகம் இருண்டது. “கல்லோ? அவன் உனக்குக் கல்லே அனுப்பினவன்?” வாசற்படியில் அப்படியே குந்திவிட்டார். “அப்ப எழுதிப்போட்டான்.”

“உங்களுக்குத் தெரியுமே மாமி?”

“தெரியும். அவன் எனக்கு ஒளிக்கேல்லை. நான்தான் ஊருக்கு ஒளிச்சனான்.” சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார். “காணுற சனமெல்லாம் கேக்குதுகள், மகன் என்ன செய்யிறான், என்ன செய்யிறான் எண்டு. மண்ணுக்குள்ளை கல்லுப் பொறுக்குறான் எண்டு சொன்னால் ஆர் பிள்ளை பொம்பிளை தருவினம்? ஒருநாள் வாயிலை வந்திட்டுது, எஞ்சினியர் எண்டு. பிறகு நிப்பாட்டேலாமல் போச்சு.”

எனக்கு அவர்மேல் வந்திருக்கவேண்டிய கோபம் எங்கோ போய்விட்டது.

மாமி எழும்பி உள்ளே போனார். அலுமாரி திறக்கிற சத்தம் கேட்டது. கோப்பையில் அல்ல, போத்தலோடு கொண்டுவந்து என் கையில் வைத்தார்.

“நீ வேண்டாமெண்டு எழுதினாலும் பறவாயில்லை. பொய் சொன்னவள் நான், அவனில்லை. அதை மட்டும் ஞாபகம் வைச்சிரு.”

வெள்ளிக்கிழமை

ஒரு கோப்பை மட்டும் அளந்து எடுத்துக்கொண்டு போத்தலைத் திருப்பிக் கொடுத்தேன். அன்றைக்கே சின்னக் கல் பாகில் இறங்கியது. நாலு நாள் சீனி, இரண்டு நாள் அமிலம். எப்படிக் கணக்குப் பார்த்தாலும் வெள்ளிக்கிழமைக்குள் நடக்காது. மிச்ச அமிலம் கேட்டுப் போனபோது அதிபர், “முதல் மாப்பிள்ளை கரைஞ்சு போனாரோ?” என்று கேட்டார். அன்றைக்குத்தான் அவர் சிரித்து நான் கண்டேன்.

வெள்ளி காலை தங்கராசா அண்ணை சைக்கிளை மதிலில் சாத்திவிட்டுக் காத்துநின்றார். நான் கடுதாசியோடு குசினிக்குள் நின்றேன். சாம்பல் சூட்டில் சாடி. உள்ளே கல் வெள்ளையாகத்தான் கிடந்தது. அது கறுக்குமா, நிறம் தருமா, அல்லது அதுவும் பாழா என்று ஒருவருக்கும் தெரியாது. நான் இவ்வளவு நாளும் கல்லைப் பார்த்துவிட்டு முடிவு சொல்லலாம் என்றல்லவா இருந்தேன்? அந்த நிமிடத்தில்தான் விளங்கியது, என் முடிவுக்கு இனிக் கல் தேவையில்லை.

எழுதினேன்: “இரண்டு கல்லை நான் பழுதாக்கிப்போட்டன். பிழை என்னுடையது, பனங்கட்டி போட்டன். மூண்டாவது இன்னும் சீனிக்குள்ளை கிடக்குது. எப்பிடி வருமெண்டு தெரியாது. எனக்குச் சம்மதம்.”

அண்ணை கடிதத்தைச் சேட்டுக்குள் வைத்துக்கொண்டு ஏறி உழக்கினார்.

அடுத்த செவ்வாய்க்கிழமை சாடியைத் திறந்தேன். கல் கரியாகக் கறுத்திருந்தது. கழுவி, மெசின் பலகையில் தோல் துண்டு ஒட்டி, அதில் அந்த இளஞ்சிவப்புப் பொடியைக் குழைத்து மெல்லத் தேய்க்கத் தேய்க்க, கறுப்புக்குள்ளிருந்து பச்சை எழும்பியது. திருப்பினால் சிவப்பு. இன்னும் திருப்பினால் மயில் கழுத்து நீலம். அம்மா உழக்குவதை நிறுத்திவிட்டு, “எடியே!” என்றார்.

கியூவில்

மறுநாள் மண்ணெண்ணெய்க்கு நீண்ட கியூ. மாமிக்குப் பின்னால் நான் நின்றேன். நான் சம்மதம் எழுதியது மாமிக்குத் தெரியும். முன்னால் நின்ற பெண் திரும்பி, எல்லோருக்கும் கேட்கும்படி, “மாமி, எஞ்சினியர் மகன்ரை கலியாணம் எப்பிடி, சரிவந்திட்டுதோ?” என்றார்.

மாமி ஒரு தடவை தொண்டையைச் செருமினார். பின்னால் கையை நீட்டி என் மணிக்கட்டைப் பிடித்தார்.

“அவன் எஞ்சினியர் இல்லைப் பிள்ளை. நான் சொன்னது பொய். அவன் அங்கை மண்ணுக்குள்ளை கல்லுப் பொறுக்குறான்.”

கியூ முழுக்கத் திரும்பிப் பார்த்தது. மாமி என்னை இழுத்துத் தனக்குப் பக்கத்தில் நிறுத்தினார்.

“இவளுக்கும் தெரியும். தெரிஞ்சுதான் ஓமெண்டவள்.”